கம்மி விலையில் கருமருந்து ரிவால்வர்: பித்தளையா, எஃகா, பழையதா?

அமெரிக்காவில் கருமருந்து ரிவால்வர் மறுபதிப்புகள் (தோட்டா இல்லாமல், சிலிண்டரின் அறைகளில் மருந்தையும் குண்டையும் தனித்தனியே கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளின் நகல்கள்) விற்கும் எந்தக் கடையின் பட்டியலைத் திறந்தாலும், விலை வரிசையில் முதலில் கண்ணில் படுவது மஞ்சளாக மின்னும் பித்தளை ஃபிரேம் துப்பாக்கிதான். "1851 நேவி, 44 காலிபர்" என்று போட்டிருக்கும்; கோல்ட் நிறுவனத்தின் மாதிரி. விலை 200 டாலரை ஒட்டி, சில சமயம் கொஞ்சம் மேலே. எஃகு ஃபிரேமில் இத்தாலியின் பியெட்டா நிறுவனம் செய்யும் ரெமிங்டன் மாதிரி 300-லிருந்து 400-க்குள் வரும். இன்னோர் இத்தாலிய நிறுவனமான உபெர்ட்டி என்றால் இன்னும் ஒரு நூறு சேர்த்துக்கொள்ளுங்கள். விலைகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன. ஆனால் இந்த மூன்று படிகளும் இடம் மாறுவதில்லை.

சுவரில் மாட்ட அல்ல, சுட வேண்டும் என்றால் அந்த முதல் படியைத் தாண்டி விடுங்கள். பித்தளையில் மிச்சம் பிடிக்கும் நூறு டாலர் மிச்சமே இல்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு வெடிப்பிலும் சிலிண்டர் பின்னால் போய் ஃபிரேமின் பின்சுவரில் மோதுகிறது. எஃகு அதைத் தாங்கும். பித்தளையில் சிலிண்டரின் பின்புறப் பற்கள் வட்ட வடிவத் தழும்பாகப் பதியத் தொடங்கும். தழும்பு ஆழமாக ஆக சிலிண்டர் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கிறது. ஆட ஆட மோதல் பலமாகிறது, மோத மோத தழும்பு ஆழமாகிறது. கோல்ட் மாதிரியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்கு மேல்பட்டை, அதாவது சிலிண்டருக்கு மேலாக ஃபிரேமை இணைக்கும் பட்டை, கிடையாது. குழலையும் ஃபிரேமையும் பிணைப்பது சிலிண்டரின் நடுவே போகும் ஆர்பர் என்ற ஒரே தண்டுதான். அது பித்தளையில் மரையிட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. மருந்து அதிகம் போட்டால் மரை தளர்ந்து தண்டு ஆடும். ரெமிங்டன் மாதிரிப் பித்தளைக்கு மேல்பட்டை இருப்பதால் கொஞ்சம் கூடுதல் ஆயுள் உண்டு. ஆனால் பின்சுவர்த் தழும்பு அதற்கும் வரும்.

ஏற்கெனவே பித்தளை வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். 44 காலிபரில் மருந்து 20 கிரெயினைத் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அளவு) தாண்டாமல், முடிந்தால் 15-இல் நிறுத்திக்கொண்டு, உருண்டைக் குண்டு மட்டும் போட்டுச் சுட்டால் நெடுநாள் வரும். கூம்புக் குண்டு வேண்டாம்; எடை அதிகம், உதையும் அதிகம். 36 காலிபர் பித்தளை இன்னும் பரவாயில்லை, 0.375 அங்குல உருண்டையின் எடை சுமார் 80 கிரெயின்தான். 44-க்கான 0.454 உருண்டை 140-ஐத் தொடும். காகித இலக்குக்கு எது போனாலும் ஓட்டை ஓட்டைதான்.

போகிற போக்கில் ஒன்று. கோல்ட் நிறுவனம் 1851 நேவியை 36 காலிபரில்தான் செய்தது. 44 வேண்டியவர்களுக்கு 1860 ஆர்மியைக் கொடுத்தது. அதன் சிலிண்டரின் முன்பாதி பருத்திருக்கும். ஆக "44 நேவி" என்பது இத்தாலியத் தொழிற்சாலையின் கற்பனை. பித்தளை ஃபிரேம் முழுக் கற்பனை இல்லை. உள்நாட்டுப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது தெற்கு மாநிலங்களில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் போன்ற பட்டறைகள் பித்தளை ஃபிரேமில் கோல்ட் நகல்களைச் செய்தன, 36 காலிபரில். ரெமிங்டனின் "1858" என்ற பெயரும் குழலில் பொறித்த காப்புரிமைத் தேதியால் வந்தது; நியூ மாடல் ஆர்மி பெருமளவில் வெளிவந்தது 1863-இலிருந்துதான். சரித்திரச் சுத்தம் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். மற்றவர்கள் விலையைப் பார்க்கலாம்.

என் தேர்வு நேரடியானது: எஃகு ஃபிரேம், 1858 ரெமிங்டன் மாதிரி, 44 காலிபர், பியெட்டா. மேல்பட்டை இருப்பதால் ஃபிரேம் உறுதி, பின்குறி ஆடாது. கோல்ட் மாதிரிபோல, குழலைப் பிடித்திருக்கும் ஆப்பை அடித்து எடுத்துக் குழலைக் கழற்றும் வேலை இல்லை. சுத்தியல்போல அடிக்கும் உறுப்பான குதிரையைப் பாதிக்கு இழுத்து, குழலுக்கு அடியில் இருக்கும், குண்டை அழுத்தும் நெம்புகோலை இறக்கி, நடுத் தண்டை முன்னால் இழுத்தால் சிலிண்டர் பக்கவாட்டில் உருண்டு கைக்கு வந்துவிடும். குறை ஒன்று உண்டு. தண்டு மெல்லியது, கிரீஸ் தங்கப் பள்ளங்கள் இல்லை. இரண்டு மூன்று சிலிண்டர் சுட்டதும் கரி ஏறி இறுகத் தொடங்கும். கோல்ட் மாதிரியின் பருத்த ஆர்பரில் பள்ளங்கள் இருப்பதால் அது நெடுநேரம் ஓடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பின் தண்டை இழுத்துத் துடைத்து ஒரு விரல் கிரீஸ் தடவுபவருக்கு இது பெரிய விஷயமில்லை.

எங்கே வாங்குவது? இன்று விற்கும் கோல்ட், ரெமிங்டன் மறுபதிப்புகளில் பெரும்பாலானவை இத்தாலியின் பிரெஷா மாவட்டத்தில் செய்தவை. உபெர்ட்டி கார்டோனே வால் ட்ரோம்பியாவில், பியெட்டா அருகே குஸாகோவில். அமெரிக்கப் பெயர்களான சிமரான், டெய்லர்ஸ், ஈஎம்எஃப், டிரெடிஷன்ஸ், டிக்ஸி எல்லாம் அங்கிருந்து தருவித்து விற்பவை. ஆகவே பெட்டியின் பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் முன், துப்பாக்கியில் யார் முத்திரை என்று பாருங்கள். ஒரே பியெட்டா மூன்று கடைகளில் மூன்று விலைக்குக் கிடைக்கும். கேபலாஸ் என்ற கடைத்தொடர் நெடுங்காலமாகப் பியெட்டா விற்கிறது. நவம்பர் கடைசியில் தள்ளுபடி வரும். அப்போது பார்ப்பது நல்லது. டிரெடிஷன்ஸ் பெயரில் முடிக்காத கிட்டுகளும் வந்திருக்கின்றன: மரப்பிடியை நீங்களே தேய்த்து, உலோகத்தை நீங்களே மெருகேற்ற வேண்டும். விலை கொஞ்சம் இறங்கும். ஆனால் கிட்டுகளில் பித்தளை ஃபிரேமே அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய துப்பாக்கியில்தான் உண்மையான லாபம் இருக்கிறது. அடகுக் கடை, துப்பாக்கிச் சந்தை, கன்புரோக்கர் இணைய ஏலம். வாங்கியவர் பலர் ஓரிரு முறை சுட்டு, கழுவச் சோம்பல்பட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சோம்பல்தான் விலையை இறக்குகிறது, துருவையும் ஏற்றுகிறது. வயதைக் கண்டுபிடிக்க, துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் இத்தாலியச் சோதனைச்சாலை உதவுகிறது. ஃபிரேமிலோ குழலிலோ சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறி இருக்கும். 1975-க்கு முன் ரோமன் எண்களில், 1975 முதல் இரண்டு எழுத்துகளில். ஏஏ என்றால் 1975, சிஏ என்றால் 2006, சிஎன் என்றால் 2015. பியெட்டாவில் புதியது என்றால் துணிந்து எடுக்கலாம்; கடந்த இருபதாண்டுத் தயாரிப்புகளில் பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஆர்மி சான் மார்கோ முத்திரை இருந்தால் யோசியுங்கள். நிறுவனம் மூடியாயிற்று, தரம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். ருகர் ஓல்ட் ஆர்மி அருமையான சாமான்தான். 2008-இல் உற்பத்தி நின்றபின் விலை ஏறிவிட்டது, இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டில் வராது.

கையில் எடுத்ததும் முதல் வேலை, மருந்து கெட்டித்து இருக்கிறதா என்று பார்ப்பது. இது சம்பிரதாயம் இல்லை. அலமாரியில் கிடந்த கருமருந்துத் துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் கெட்டித்தபடியே இருக்கலாம், மருந்து கெட்டும் போயிருக்காது. ஒவ்வோர் அறையின் பின்னாலும் உள்ள நிப்பிள் என்ற சிறு குழாயில் கேப் (தட்டினால் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாய் உங்கள் பக்கம் திரும்பாதபடி வைத்து, மெல்லிய மரக்குச்சியை ஒவ்வோர் அறையிலும் விட்டு ஆழம் பாருங்கள். ஆறும் ஒரே ஆழம், எல்லாம் சிலிண்டரின் அடிவரை போகிறது என்றால் காலி.

அடுத்தது டைமிங். ட்ரிக்கரில் விரல் வைக்காமல் குதிரையை மிக மெதுவாக இழுங்கள். சிலிண்டர் சுழன்று, அடியிலிருந்து, சிலிண்டரைப் பூட்டும் போல்ட் எழும்பி சிலிண்டரின் பள்ளத்தில் விழ வேண்டும். குதிரை முழுதாக நிற்கும் நேரமும் போல்ட் விழும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். குதிரை நின்றபின்னும் சிலிண்டரை விரலால் கொஞ்சம் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் சுழற்றும் கை தேய்ந்திருக்கிறது. போல்ட் முன்னதாகவே விழுந்தால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு கீறியிருக்கும். லேசான கோடு எல்லாத் துப்பாக்கியிலும் உண்டு, பயப்பட வேண்டாம். பள்ளத்தின் ஓரமே பிதுங்கி மடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாகி ஆறாவது தப்புவது சகஜம்.

முழுதாக இழுத்த நிலையில் ட்ரிக்கரைத் தொடாமல் குதிரையின் முதுகைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளுங்கள். குதிரை விழுந்தால் அதை நிறுத்தும் பள்ளம் தேய்ந்தது அல்லது யாரோ ட்ரிக்கரை மென்மையாக்குகிறேன் என்று அரத்தால் ராவியிருக்கிறார்கள். வாங்காதீர்கள்.

இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் சட்டைப்பையில் இருக்கட்டும். சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் உள்ள இடைவெளி 0.006 முதல் 0.010 அங்குலம் என்றால் நல்லது. பித்தளை ஃபிரேமில் இது 0.015-ஐத் தாண்டினால் தழும்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். சிலிண்டரைக் கழற்றினால் பின்சுவரில் வட்டமாகக் கண்ணுக்கே தெரியும். நிப்பிள்களைப் பாருங்கள். வெறுமனே தட்டித் தட்டி விளையாடியவர் கையில் இருந்தால் நுனி காளான் மாதிரி விரிந்திருக்கும். நிப்பிள் மாற்றுவது சுலபம், ஆறும் சேர்த்து 30, 40 டாலர். துருப்பிடித்து இறுகிய நிப்பிள்தான் தலைவலி. சாவி போட்டுத் திருகும்போது விளிம்பு வழுக்கினால், சிலிண்டரையே மாற்ற வேண்டி வரலாம். விற்பவரிடம் கேட்டு ஒரு நிப்பிளையாவது கழற்றிப் பாருங்கள். குழலுக்குள் லேசான புள்ளித் துரு இருந்தால் பேரம் பேச உதவும். சுடுவதைப் பெரிதாகக் கெடுக்காது. அறைகளுக்குள் ஆழக் குழி விழுந்திருந்தால் வேண்டாம்.

கோல்ட் மாதிரி உபெர்ட்டி வாங்குகிறவர்கள் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். உபெர்ட்டிகள் பளபளப்பிலும் மரவேலையிலும் ஒரு படி மேல். ஆனால் பலவற்றில் ஆர்பர் குழலின் துளைக்குள் அடிவரை போய் உட்காருவதில்லை. விளைவு, ஆப்பை எவ்வளவு அடிக்கிறீர்களோ அவ்வளவு குழல் பின்னால் வரும். கூடுதலாக அடித்தால் சிலிண்டர் இறுகும், குறைத்து அடித்தால் குழல் ஆடும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் குண்டு விழும் இடம் மாறும்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆப்பை எடுத்து, குழலையும் சிலிண்டரையும் கழற்றுங்கள். சிலிண்டரை ஓரமாக வைத்துவிட்டு, குழலை மட்டும் ஆர்பரில் திரும்பவும் செருகுங்கள். ஆனால் நேராக அல்ல. குழலின் கீழ்ப்பகுதி ஃபிரேமுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரிச் சற்றுச் சுழற்றிச் செருகுங்கள். அடிவரை அழுத்தியதும் குழலின் கீழ்ப்பகுதியின் பின்விளிம்பையும் ஃபிரேமின் முன்முகத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் ஆர்பர் சரி. அந்த விளிம்பு ஃபிரேமின் முகத்தைத் தாண்டிப் பின்னால் போனால் ஆர்பர் குட்டை. எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு கனத்துக்குச் சிறு எஃகு வட்டத் தகடுகளைத் துளையின் அடியில் போட்டுக்கொண்டே வாருங்கள், விளிம்புகள் ஒரே கோட்டுக்கு வரும்வரை. அதன்பின் ஆப்பு எவ்வளவு அடித்தாலும் இடைவெளி மாறாது. 400 டாலருக்கு வாங்கிய துப்பாக்கியில் இதை நாம் செய்ய வேண்டியிருப்பது எரிச்சல்தான். இன்றைய பியெட்டாக்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, அதனால்தான் கோல்ட் மாதிரியிலும் மலிவானதே எனக்குப் பிடித்தது.

துப்பாக்கியின் விலையோடு செலவு முடிவதில்லை. கைத்துப்பாக்கிக்கு ஏற்ற நுண்ணிய "மூன்று எஃப்" ரகக் கருமருந்து ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். 25 கிரெயின் வீதம் 280 முறை சுடலாம். தபாலில் வாங்கினால் அபாயச் சரக்குக் கட்டணம் தனி. ஒரு பவுண்டுக்கு அதைக் கட்டுவது வீண். நண்பர்களோடு சேர்ந்து ஐந்து பவுண்டாக வாங்குங்கள். உள்ளூர்க் கடையில் நிஜக் கருமருந்து இல்லையென்றால் பைரோடெக்ஸ் பி அல்லது டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்து இருக்கும். இவற்றை எடைபோட்டு அளக்கக் கூடாது, கருமருந்துக்கான அளவுக் குவளையிலேயே கொள்ளளவாக அளக்க வேண்டும். டிரிபிள் செவனுக்கு வேகம் அதிகம். 15 சதவீதம் குறைத்துப் போடுங்கள். நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. சிலிண்டர் வெடித்துச் சிதறும்.

குண்டு வாங்கும்போது பியெட்டா 44-க்கு 0.451 என்று பெட்டியில் இருக்கும். 0.454 வாங்குங்கள். நெம்புகோலால் அழுத்தும்போது அறையின் வாய் ஈயத்தைச் சுற்றிலும் சீவி, முழு வளையமாக வெளியே தள்ள வேண்டும். வளையம் முழுசாக வந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது. பாதி வளையமோ, வளையமே இல்லாமலோ உள்ளே போனால், பக்கத்து அறையின் நெருப்பு உள்ளே புக வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் பல அறைகள் வெடிக்கும் ஆபத்து அப்படித்தான் வரும். தளர்ந்த கேப் வழியாகப் பின்னாலிருந்தும் நெருப்பு போகலாம். கேப் நிப்பிளில் இறுக்கமாக உட்கார வேண்டும். பத்தாம் எண், பதினோராம் எண் இரண்டையும் ஒவ்வொரு டப்பா வாங்கி எது கிள்ளிவிடாமல் நிற்கிறது என்று பாருங்கள். பழைய சக்கர எடை ஈயத்தை உருக்கி வார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். அது கெட்டி ஈயம். அழுத்தும்போது நெம்புகோலின் திருகு வளையும். மென்மையான சுத்த ஈயம்தான் வேண்டும்.

மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி விடக் கூடாது. 15 கிரெயின் போட்டால் குண்டு அறைக்குள் ஆழமாகப் போய்விடும், நெம்புகோல் எட்டாமல் நிற்கலாம். மீதி இடத்தைச் சோள ரவை போட்டு நிரப்புங்கள். மசகுக்குத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்து, அதில் நனைத்த கம்பளி வட்டு போதும். பெட்ரோலிய கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டும்.

கோல்ட் மாதிரியில் சுட்ட கேப்பின் துண்டுகள் குதிரைக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விழுந்து குதிரையை மறித்துக்கொள்ளும். ரெமிங்டனில் குதிரைப் பள்ளம் குறுகல் என்பதால் இது குறைவு. துளை கொண்ட ஸ்லிக்ஸ் ஷாட் நிப்பிள்கள் கேப் பின்னால் பறப்பதைக் குறைக்கும். பியெட்டா, உபெர்ட்டி இரண்டுக்கும் 6 மில்லிமீட்டர் தடிப்பு, 0.75 மில்லிமீட்டர் மரை கொண்ட நிப்பிள். ருகரின் மரை வேறு, மாற்றி வாங்கினால் ஏறாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றைப் பழம்பொருளாகக் கருதுகிறது, அதனால்தான் பல மாநிலங்களுக்குத் தபாலிலேயே வருகிறது. ஆனால் நியூ ஜெர்சியில் இவை கைத்துப்பாக்கிதான். இல்லினாயிலும் அடையாள அட்டை கேட்பார்கள். கனடாவில் இந்த ரகம் கட்டுப்படுத்தப்பட்ட கைத்துப்பாக்கி. 2022 அக்டோபரில் வந்த தடைக்குப் பின் தனியார் வாங்கிக் கைமாற்ற வழியில்லை. பிரிட்டனில் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் கருமருந்துத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்துக்குள்தான், ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும். கருமருந்துச் சாம்பலில் உப்பு இருக்கிறது, காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு ராத்திரி விட்டால் போதும், நிறம் மாறத் தொடங்கும். நிப்பிள்களைக் கழற்றி, சுடுநீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தச் சூடு உலோகத்தில் இருக்கும்போதே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். நிப்பிள் மரை இறுகிப் போகாமல் காக்கும் பசை ஒரு துளி. உள்ளே உடைவது பெரும்பாலும் இரண்டு கால் கொண்ட தட்டை வில். ட்ரிக்கரையும் போல்ட்டையும் அதுதான் தள்ளுகிறது. துப்பாக்கி வாங்கும்போதே அதில் இரண்டு வாங்கி வையுங்கள், சில டாலர்தான். உதிரிபாகம் விற்கும் விடிஐ கடையில் மாடல் பெயரையும் தயாரிப்பாளரையும் சொல்லிக் கேட்டால் சரியானது கிடைக்கும்; பியெட்டா வில்லை உபெர்ட்டியில் போட்டால் அநேகமாக அரம் தேவைப்படும்.